30 விழுக்காட்டில் நின்றுபோன கணினி

2025 தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசி அடித்தது. ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் சித்தி மகள்.

“அண்ணே, வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுண்ணே. வெறும் கறுப்பா நிக்குது. அவரு நாளைக்கே கடைக்குத் தூக்கிட்டுப் போறேங்கிறாரு. போன்ல கேட்டாச்சு. ஃபார்மெட் பண்ண 80 வெள்ளியாம், ஒரே நாள்ல குடுத்துடுவாங்களாம்.”

இந்தப் பக்கத்தில் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து உறவுக்காரர்கள் மத்தியில் எனக்கு டாக்டர் வேலை. பிரிண்டர் இருமினால்கூட எனக்குத்தான் அழைப்பு. ஆனால் ‘ஃபார்மெட்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “எங்கேயும் தூக்கிட்டுப் போகாதே. முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு” என்றேன்.

நடந்தது இதுதான். மாலையில் கணினி தானாகவே அப்டேட் செய்யத் தொடங்கியிருக்கிறது. ‘30 விழுக்காடு முடிந்தது, கணினியை அணைக்காதீர்கள்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் திரையில் நின்றிருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆகியும் அந்த 30 நகரவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே மழை, இடி. சித்தி, நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். தொலைக்காட்சி பிளக், கணினி பிளக் இரண்டையும் பிடுங்கிவிட்டார்.

சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை எப்படிப் பெய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். இடி விழுந்து மோடம் கருகிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கியது தப்பில்லை. பிடுங்கிய நேரம்தான் தப்பு.

அந்தக் கணினிக்குள் இரண்டு முக்கியமான பொருள்கள் இருந்தன. ஒன்று, தங்கை மகள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு. இன்னொன்று, இறந்துபோன சித்தப்பாவின் குரல். தண்ணீர்மலைக் கோயிலில் அவர் தேவாரம் பாடியதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து அந்தக் கணினியில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். வேறு எங்கும் நகல் இல்லை. “அம்மா சாயங்காலத்துலேர்ந்து வாயே திறக்கல அண்ணே” என்றாள் தங்கை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்டேட் பாதியில் நின்று கணினி எழும்பவில்லை என்றால், உங்கள் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. பெரும்பாலும் அவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். மாறிக்கொண்டிருந்தவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் முதலில் சிட்டையில் எழுதி, சரிபார்த்த பிறகே பேரேட்டில் ஏற்றுவார்கள். விண்டோஸ் செய்வதும் ஏறக்குறைய அதுதான். புதிய கோப்புகளை ஓர் ஓரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளும். கணினி மறுபடி தொடங்கும்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும். எது முடிந்தது, எது முடியவில்லை என்று குறிப்பும் வைத்திருக்கும். நடுவில் தடங்கல் வந்தால், அந்தக் குறிப்பை வைத்துப் பின்னோக்கிப் போகப் பார்க்கும். ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்ற வாசகத்தைச் சிலர் திரையில் பார்த்திருப்பீர்கள். அது கெட்ட செய்தி அல்ல. கணினி தன்னையே காப்பாற்றிக்கொள்கிறது.

ஆகவே முதல் மருந்து பொறுமை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் 30 விழுக்காட்டில் இரண்டு மணி நேரம் நிற்பது சாதாரணம். பெட்டியின் முன்னால் உள்ள சிறிய விளக்கைப் பாருங்கள். அது விட்டு விட்டுக் கண் சிமிட்டினால் உள்ளே வேலை நடக்கிறது. முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். விடிந்தும் அதே எண், விளக்கிலும் அசைவில்லை என்றால்தான் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும்.

தங்கை வீட்டில் அந்தக் கட்டம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. “பிரிண்டர், பென்டிரைவ், மெமரி கார்டு, எது மாட்டியிருந்தாலும் கழட்டிடு. கீபோர்டும் மவுஸும் போதும். கணினியை அணைச்சு வச்சிட்டு முறுக்கைப் பாரு. காலையில வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை போனபோது மாப்பிள்ளை பெட்டியைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். “நீங்க பார்த்து முடியலன்னா உடனே கெளம்பிடலாம் மச்சான்” என்றார். பிரித்து மாட்டினோம்.

விண்டோஸ் இரண்டு மூன்று முறை எழும்ப முடியாமல் விழுந்தால், அடுத்த முறை தானே பழுதுபார்க்கும் பகுதிக்குப் போய்விடும். போகவில்லை என்றால் நாமே அனுப்பலாம். விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வந்து, பிறகு நீலப் பக்கம் ஒன்று திறக்கும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. நமக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்தான்.

பலர் இங்கே வந்ததும் நேராகப் பழுதுபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. சித்தப்பாவின் பாட்டை வெளியே எடுக்காமல் எதிலும் கைவைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கணினிக்காரர்களுக்குத் தெரியும், வீடுகளில் அவ்வளவாகத் தெரியாது. ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புச் சாளரம் ஒன்று வரும். சில கணினிகளில் கடவுச்சொல் கேட்கும். அங்கே நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் அழுத்தினால் நமக்குப் பழக்கமான நோட்பேட் திறக்கும். அதில் ‘ஃபைல்’ போய் ‘ஓப்பன்’ கொடுத்து, கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் கணினிக்குள் இருக்கும் கோப்புறைகள் எல்லாம் தெரியும். வேண்டிய கோப்புறையில் வலது சொடுக்கு செய்து காப்பி எடுத்து, வெளியே மாட்டிய ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். இந்தப் பகுதியில் ‘சி’ டிரைவ் ‘டி’ என்று பெயர் மாறித் தெரியலாம், பதற வேண்டாம். நகலெடுக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. சாளரம் உறைந்துபோன மாதிரி நிற்கும். அப்போதும் கைவைக்கக் கூடாது.

நாங்கள் கை வைக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சித்தி கொண்டுவந்த அதிரசத்தில் பாதி தீர்ந்தது. சாளரம் மறுபடி உயிர் பெற்றதும் வெளி டிஸ்க்கை என் மடிக்கணினியில் மாட்டி ஒரு பதிவைத் திறந்தேன். சித்தப்பா குரல் வந்தது. சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றுகொண்டே முழுப் பாட்டையும் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மீதியெல்லாம் சுலபம். அதே பக்கத்தில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு தேர்வுகள். மாதந்தோறும் வரும் சிறிய அப்டேட்டை நீக்க ‘குவாலிட்டி’, ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பை நீக்க ‘ஃபீச்சர்’. வந்திருந்தது மாதாந்திர அப்டேட் என்பதால் முதலாவதைக் கொடுத்தேன். அரை மணி நேரம் அரைத்துவிட்டுக் கணினி எழுந்தது. இது பலிக்காமல் போனால் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, அதற்கும் மசியாவிட்டால் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ என்று அடுத்தடுத்துப் போயிருப்பேன். கடைசியாகத்தான் ‘ரீசெட்’. அதிலும் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அது நாம் நிறுவிய மென்பொருள்களை நீக்கும், சொந்தக் கோப்புகளை விட்டுவைக்கும். பக்கத்திலேயே இருக்கும் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ எல்லாவற்றையும் துடைத்துவிடும். கடைக்காரர் ‘ஃபார்மெட்’ என்று சொல்வதும் இந்த இரண்டாவதைப் போன்றதுதான். அவர்மேல் குற்றமில்லை. வரிசையில் பத்துப் பெட்டி காத்திருக்கும்போது துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் அவருக்கு வேகமான வழி. உள்ளே யாருடைய குரல் இருக்கிறது என்று நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், ‘முதலில் கோப்புகளை நகலெடுத்துக் கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் தருகிறேன்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கணினி எழுந்த பிறகு ஏன் அது 30 விழுக்காட்டில் அவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்தேன். ‘சி’ டிரைவில் மிச்சமிருந்தது 3 ஜிபி. விளையாட்டுகளும் வாட்ஸ்அப் காணொளிகளும் மீதியை விழுங்கியிருந்தன. புதியதை இறக்கி வைக்க இடமே இல்லாமல் விண்டோஸ் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் இடியும் சேர்ந்துகொண்டது. மாதாந்திர அப்டேட்டுக்குப் பத்து ஜிபியாவது, பெரிய பதிப்புக்கு இருபதுக்கு மேலும் காலியாக வைத்திருப்பது என் வழக்கம். இடத்தைக் காலிசெய்து, மறுநாள் காலை வெயிலில், யாரும் பக்கத்தில் வராமல் அதே அப்டேட்டை மறுபடி ஓடவிட்டோம். நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

எல்லாத் தோல்விக்கும் வீட்டில் உள்ளவர்கள்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுப்புகிறவர் பக்கமும் தவறு நடக்கும். 2018 அக்டோபர் 2ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 பெரிய அப்டேட், சிலருடைய ஆவணக் கோப்புறைகளையும் படங்களையும் அழித்துவிட்டது. நான்கே நாளில், 6ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. திருத்தி மறுபடி வெளியிட்டது நவம்பர் 13இல். பாதிப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று நிறுவனம் சொன்னது. அந்த ஒன்றில் மாட்டியவருக்கு அது முழுப் பங்குதான். 2024 ஜனவரியில் வேறு மாதிரி. பழுதுபார்க்கும் பகுதிக்கென்று டிஸ்க்கில் ஒதுக்கியிருந்த இடம் சிறியதாக இருந்த விண்டோஸ் 10 கணினிகளில் ஓர் அப்டேட் 80070643 என்று முடியும் பிழை எண்ணோடு திரும்பத் திரும்பத் தோற்றது. கணினியில் கோளாறு ஏதுமில்லை. ஒதுக்கிய இடம்தான் போதவில்லை. அது தெரியாமல் ஃபார்மெட்டுக்குப் போனால் வீண் செலவு.

எங்கள் கதை நடந்த அதே வாரத்தில் நடந்ததுதான் இன்னும் விசித்திரம். 2025 அக்டோபர் 14ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11 அப்டேட்டை நிறுவிய கணினிகளில், நான் மேலே சொன்ன அந்த நீலப் பக்கத்தில் மட்டும் யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் நன்றாக வேலை செய்யும். பழுதுபார்க்கப் போனால் செத்துவிடும். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை என்பதுபோல. மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தத்தை வெளியிட்ட நாள் அக்டோபர் 20, சரியாக நம் தீபாவளி. கணினி எழும்பினால்தானே அந்தத் திருத்தத்தை நிறுவ முடியும்? எழும்பாதவர்களுக்குச் சொல்லப்பட்ட வழிகள் மூன்று. தொடுதிரை இருந்தால் விரலால் தொடலாம். முன்பே செய்து வைத்த மீட்பு யூஎஸ்பி இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். அல்லது பழைய காலத்து வட்ட முனை விசைப்பலகையை மாட்டலாம். ஊதா, பச்சை நிறத்தில் வட்டத் துளைகள் இருக்குமே, அதுதான். வீட்டில் அப்படி ஒரு பழைய விசைப்பலகை தூசி படிந்து கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மீட்பு யூஎஸ்பி செய்வதற்கு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸிலேயே ‘ரிக்கவரி டிரைவ்’ என்று தேடினால் வழி காட்டும். கணினி நலமாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய வேலை அது.

தங்கை வீட்டுக் கணினி விண்டோஸ் 10 என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்கு வேறு கெடு. அதே அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். 30 அமெரிக்க டாலர் கட்டலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நகலெடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக ஆலை திறந்தது 1972இல் நம் பினாங்கில்தான். அந்த நிறுவனத்தின் சில்லு நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கப்படுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. கட்டாயப்படுத்தி ஏற்றும் வழிகள் உண்டு. அப்டேட் பாதியில் நிற்பதற்கு அவையும் ஒரு காரணம் என்பதால் வீட்டுக் கணினிக்கு நான் சொல்வதில்லை.

புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று பெயர். அப்டேட் தடுமாறினால் சில சமயம் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லாமல் நோட்பேட் தந்திரமும் பலிக்காது, எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகமெங்கும் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. இங்கே ஏர் ஏசியா சேவையும் பாதிக்கப்பட்டது. நீக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சிறிய கோப்பு. ஆனால் டிஸ்க் பூட்டியிருந்த கணினிகளில் அதற்கு முன் இந்த 48 இலக்க எண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

அந்த எண் எங்கே இருக்கும்? கணினியை முதன்முதலில் தொடங்கியபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில். தங்கை மகளிடம், “உன் லேப்டாப்புக்கு அந்த எண் எங்கே இருக்கு, பார்த்துச் சொல்லு” என்றேன். அரை மணி நேரம் தேடிவிட்டு வந்தாள். “மாமா, இது என் கணக்கே இல்ல. வாங்கின கடையில செட்டப் பண்ணிக் குடுத்த அண்ணன் அவரோட ஈமெயில போட்டு வச்சிருக்காரு.” நல்ல வேளை, கணினி நன்றாக இருக்கும்போதே தெரிந்தது. அன்றே அவள் பெயரில் கணக்கைத் திறந்து, பூட்டை நீக்கி, மறுபடி பூட்டி, புதிய எண்ணைத் தாளில் எழுதினோம். இன்றைக்கு உங்கள் வீட்டிலும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அப்டேட் தோற்றுவிட்டது என்று சொல்லி, அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண்ணோடு ஒரு திரை வந்தால் அது மோசடி. உண்மையான விண்டோஸ் அப்டேட் உங்களை யாருக்கும் போன் செய்யச் சொல்லாது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணில் தேசிய மோசடி உதவி மையத்தை அழையுங்கள்.

இடிக்கு என்ன செய்வது? அப்டேட்டை ஐந்து வாரம் வரை தள்ளிவைக்க விண்டோஸில் ‘பாஸ்’ வசதி உண்டு. மழைக்காலத்தில் தள்ளிவைத்து, வெயிலான ஒரு காலையில் நாமே தொடங்குவது நல்லது. சிறிய யூபிஎஸ் வைத்தால் மின்சாரம் சற்று நேரம் போய் வந்தாலும் தாங்கும், ஒரு மணி நேர அப்டேட்டை அது தாங்காது. மடிக்கணினிக்கு மின்கலமே யூபிஎஸ்.

தீபாவளி அன்று மாலை மறுபடி மழை. சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தூரத்தில் இடி உருண்டது. சித்தி கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, இப்ப பிளக்கை எடுக்கலாமா கூடாதா?”

“எடுங்க சித்தி. இப்ப அப்டேட் எதுவும் ஓடல. சித்தப்பா பாட்டு ரெண்டு இடத்துல வெளியில இருக்கு.”